கர்ராடின் கடையும் கை தூக்காத மூன்று ஞாயிறுகளும்

க்ளெனிஸ் அடேல் ஷிர்மர் 1953ஆம் ஆண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவின் மாலீ கோதுமை நாட்டில், கர்ராடின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கோதுமை விதைத்தவர், ஆடு வளர்த்தவர். தாய் கீழக்கோயில் என்னும் லுத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். க்ளெனிஸ் மணம் செய்துகொள்ளவில்லை. அடிலெய்டு நகரின் மொத்த மளிகைக் கிடங்கு ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். நாற்பதாம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, கண்டத்தின் வட முனையில், ஆர்னம் நிலத்துக் கடலோரத்தில், டாரன்ட் குடா என்ற ஆதிக்குடி ஊரின் கடையை நடத்தப் போனார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2004 செப்டம்பரில், ஊர் திரும்பினார். திரும்பியபோது அவரிடம் இரண்டு பெட்டிகளும், தாழை ஓலையில் முடைந்த கூடை ஒன்றும், தேய்ந்துபோன வலது முழங்காலும் இருந்தன.

இவை எவரும் மறுக்காத செய்திகள். அந்தப் பதினோரு ஆண்டுகள் வீண் என்று ஷிர்மர் குடும்பத்திலேயே பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதை நிறுத்தியது எப்படி என்பதை, நடந்த வரிசையிலேயே சொல்லிவிடலாம்.

விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர் தம்பி மெர்வின். பாதி வழியில் அவர் ஏதோ கேட்டார். க்ளெனிஸ் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோதுமை வயல்கள் ஓடின, ஒரு ஊர் வந்து போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

"அக்கா, நான் கேட்டு ரெண்டு ஊரு தாண்டியாச்சு. பதில் வாயால வருமா, தபால்ல போடுவியா?"

"யோசிச்சிட்டிருக்கேன்டா."

"டீ வேணுமான்னு கேட்டேன். இதுல யோசிக்க என்னா இருக்கு?"

வடக்கில் கேள்வி வந்த வேகத்திலேயே பதிலை வீசினால், கேட்டவரை மதிக்கவில்லை என்று பொருள். கர்ராடினில் பதில் தாமதித்தால் காது மந்தம் என்று பொருள். மெர்வினின் மனைவி ஜாய்லீன் அந்த வாரமே காது மருத்துவர் ஒருவரின் பெயரை விசாரித்து வைத்துவிட்டார். அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது.

"ஏங்க, அண்ணி ஏன் சாப்பிடுறப்ப அடிக்கடி உதட்டக் குவிக்கிறாங்க? பக்கவாதம் கிக்கவாதம்..."

"உப்பு அந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுறா. அங்க உதட்டாலதான் காட்டுவாங்களாம். விரல நீட்டுறது மரியாதை இல்லையாம்."

"உப்பு வேணும்னு வாயத் திறந்து கேக்குறது மரியாதை இல்லையாமா?"

க்ளெனிஸ் இதையெல்லாம் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காதில் பழுதில்லை.

பெற்றோரின் வீடு அவருக்காகக் காத்திருந்தது; வாசலுக்கு நேர் எதிரே கர்ராடினின் ஒரே கடை. இனி வேறெங்கும் போவதில்லை, இந்த வீட்டிலேயே இருந்து முடிப்பது என்று வந்தவர் அவர். வந்த இரண்டாம் வாரம், கடைக்காரர் லியோன் நோஸ்கே கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். கடை விற்பனைக்கு. அட்டை தொங்கிய மறுநாளே பக்கத்துப் பெரிய ஊரின் இயந்திர வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு வேண்டியது கட்டடம் மட்டும். உழவு இயந்திரங்களின் உதிரிப் பாகங்களை அடுக்கி வைக்க. அறுவடை தொடங்கும் முன் பதில் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அடுத்த கடை ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பாலும் தபாலும் பெட்ரோலும் அங்கே போனால், வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் முதலில் போவார்கள். அவர்களுக்குப் பின் பள்ளிப் பேருந்து. அதற்குப் பின் குடும்பங்கள். மாலீ நாட்டில் இப்படிக் காலியான ஊர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தானியக் குதிர்கள் மட்டும் நிற்கும், சுற்றிலும் ஆள் இருக்காது. க்ளெனிஸ் தெருவைக் கடந்து போய் லியோனைக் கேட்டார்.

"லியோன் அண்ணே, ஊரே சேர்ந்து வாங்கினா குடுப்பீங்களா?"

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

லியோன் சிரிப்பை அடக்கப் பொட்டலம் கட்டும் கயிற்றைத் தேடுவதுபோல் கீழே குனிந்தார். "இந்த ஊரு சேர்ந்து கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் வாங்குச்சு, நீச்சல்குளம். அந்தக் கதை ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். கர்ராடினில் லுத்தரன் கோயில்கள் இரண்டு. மேட்டில் இருப்பது மேலக்கோயில், தாழ்வில் இருப்பது கீழக்கோயில். வேதம் ஒன்று, பாட்டுப் புத்தகம் ஒன்று, ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த முன்னோர்களும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கொள்ளுப்பாட்டன் காலத்தில் எதற்காகவோ பிரிந்தார்கள். நாடு முழுவதும் இரு சபைகளும் 1966இல் ஒன்றாகிவிட்டன. அந்தச் செய்தி கர்ராடின் எல்லை வரை வந்தது, உள்ளே நுழையவில்லை. 1976இல் குளம் எங்கே வெட்டுவது என்று மண்டபத்தில் கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்கி எண்ணினார்கள். மேலக்கோயில்காரரான கிளாரி ட்ரேகர் தம் நிலத்தில் ஒரு பகுதியை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான்கு கைகள் குறைந்து தோற்றார். கீழக்கோயில் பக்கம் குளம் வந்தது. அதன்பின் ட்ரேகர் வீட்டார் எவரும் குளத்தில் கால் நனைக்கவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு கீழக்கோயில்காரரான லியோனின் கடையிலும் காலெடுத்து வைக்கவில்லை. ரொட்டி முதல் ஆணி வரை எல்லாவற்றுக்கும் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டிப் போனார்கள். கிளாரியைப் பார்த்து மற்ற மேலக்கோயில் குடும்பங்களும் ஒவ்வொன்றாக அங்கே போகத் தொடங்கின. எல்லாம் அந்தக் குளத்தால் வந்தது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

ஆகவே லியோன் கடை எப்போதும் பாதி ஊரின் கடை. பாதி ஊரை வைத்து லியோன் இழுத்துக்கொண்டு வந்தார். வாடகை இல்லை, கூலி இல்லை. ஊரார் ஒரு கூலிக்காரரை வைத்துப் பாதி ஊருக்கு விற்றால், இரண்டாம் ஆண்டில் மூட வேண்டியதுதான். வடக்கில் கடை நடத்திய க்ளெனிஸுக்கு இது கணக்கே போடாமல் தெரியும். அவருக்கு முழு ஊரும் வேண்டும். அதாவது கிளாரி வேண்டும்.

அதற்கு ஒரு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல.

டாரன்ட் குடாவின் கடை அந்த ஊருக்கே சொந்தம். ஏழு குலங்கள், குலத்துக்கு ஒருவராக ஏழு பேர் கொண்ட குழு. முதலாண்டில் க்ளெனிஸ் அவர்களைக் கூட்டி, கடையை மாலை ஐந்துக்கு மூடுவதா ஏழுக்கா என்று கேட்டு, கர்ராடின் வழக்கப்படி கை தூக்கச் சொன்னார். ஐந்துக்கு நான்கு கை, ஏழுக்கு மூன்று. முடிந்தது என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து மூன்று குலத்தார் கடைப் பக்கம் வரவில்லை. அவர்களுக்குக் கடல் இருந்தது, மீன் இருந்தது, ஆமை இருந்தது. க்ளெனிஸிடம் பூஞ்சை பிடித்த ரொட்டி இருந்தது. குழுவின் தலைவி ரோடா அவரைவிட இரண்டு வயது மூத்தவர். தம் குடும்பத்தில் அவரைத் தங்கையாகச் சேர்த்துக்கொண்டவர். அந்த ஓர் உறவால் ஊர் முழுவதும் க்ளெனிஸுக்கு மாமாவும் சித்தியும் மருமகனும் ஆகியிருந்தது. ரோடா வந்து, ரொட்டிக் குவியலைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏன்டி, கையத் தூக்கச் சொல்லி எண்ணுனியே, நாங்க என்ன எருமைக் கூட்டமா? நாலு பேரு ஜெயிச்சத எழுதிக்கிட்ட. மூணு பேரு தோத்தாங்களே, அவங்கள எங்க எழுதுன?"

"பின்ன எப்படிக்கா முடிவு பண்றது?"

"உக்காரு. வேணாம்னு சொல்ல ஆளு தீர்ற வரைக்கும் உக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"ஒனக்கு வேற எங்க போகணும்? சரக்குப் படகே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவதான் வருது."

அதன்பின் அங்கே அவர் எவரையும் எண்ணவில்லை. கடை ஏழு குலத்துக்கும் கடையாக நடந்தது.

மாலீ நாட்டில் ஞாயிற்றுக்கிழமை எவரும் வயலில் இறங்குவதில்லை. எனவே அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். முன்கூட்டியே போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். தப்பு அங்கேயே தொடங்கியது. உள்ளே வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எவரும் எதுவும் சொல்லாமல் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மேலக்கோயில்காரர் இடப்புறம், கீழக்கோயில்காரர் வலப்புறம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பாதிப் பேர் உட்காரவே இல்லை. கதவோரச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றார்கள். வட்டம் இருந்த இடத்தில் வெறும் தரை. க்ளெனிஸ் வேறு வழியின்றி, வலது காலை நீட்டிக்கொண்டு, அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"தரையில உக்காந்துட்டா," என்று வலப்புறத்திலிருந்து ஒரு குரல்.

"வடக்கே போனவ தரைக்கு வந்துட்டா," என்று இடப்புறத்திலிருந்து இன்னொன்று. இரு பக்கமும் சேர்ந்து சிரித்தது. ஜாய்லீன் பிற்பாடு சொன்னதுண்டு: அந்த மண்டபத்தில் இரு கோயிலாரும் ஒரே சமயத்தில் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம்.

க்ளெனிஸ் கேள்வியைச் சொன்னார். கடையை ஊர் வாங்கலாமா, கூடாதா. யார் வேண்டுமானாலும் பேசலாம்; இன்று வாக்கெடுப்பு இல்லை, என்றுமே இல்லை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஈ பறந்தது.

"தலைவர் யாரும்மா?" என்றார் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர்.

"யாரும் இல்ல."

"அப்ப இது கூட்டமே இல்லையே."

முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் கலைந்தார்கள். பால் விலை பற்றி இரண்டு பேர் பேசியிருந்தார்கள். இடப்புறம் முதல் வரிசையில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு கிளாரி ட்ரேகர் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கியவர், நெட்டையான ஆள். அவர் எதுவும் பேசவில்லை.

இரண்டாம் ஞாயிறு கூட்டம் பெருகியது. பெண்கள் சர்க்கரை மாவு தூவிய ஸ்ட்ராய்சல் கேக்கும், பதப்படுத்திய வெள்ளரிக்காயும், மெட்வுர்ஸ்ட் என்னும் பன்றி இறைச்சி சாசேஜை நறுக்கி வைத்த ரொட்டியும் கொண்டுவந்தார்கள். பேச்சும் வந்தது. குடும்பத்துக்கு ஒரு பங்கு, எல்லோருக்கும் ஒரே விலை, பணக்காரருக்குக் கூடுதல் கிடையாது என்பது மெல்லத் தெளிந்தது. குழுவில் யார் உட்காருவது என்ற இடத்தில் மீண்டும் இடம் வலமாகப் பிரியப் பார்த்தது. க்ளெனிஸ், வடக்கில் குலத்துக்கு ஒருவர் என்று இருந்ததை நினைத்து, இங்கே சாலைக்கு ஒருவர் என்று வைத்தால் என்ன என்றார். கர்ராடினுக்கு வந்து சேரும் சாலைகள் ஆறு. ஒவ்வொரு சாலையிலும் இரு கோயில் குடும்பங்களும் கலந்துதான் குடியிருந்தன. இதை எவரும் அதுவரை யோசித்ததில்லை. வெகுநேரம் தலையாட்டல்கள் நடந்தன. கிளாரி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமலேயே மெர்வின் ஆரம்பித்தார்.

"எண்ணிப் பாத்துட்டேன். நம்ம பக்கம் ஜாஸ்தி. மேலக்கோயில்லயே நாலஞ்சு குடும்பம் நமக்குத்தான். அடுத்த ஞாயிறு கை தூக்கச் சொல்லு, சோலி முடிஞ்சுது."

"கிளாரி அண்ணன் பேசலயே."

"அவரு முப்பது வருசமா பேசல! பார்லி மஞ்சளாயிருச்சுக்கா. இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கு, அதுக்கப்புறம் எவனும் மண்டபத்துக்கு வரமாட்டான், எல்லாரும் வயல்ல கெடப்பான். லியோனும் அந்த வியாபாரிக்கு பதில் சொல்லியாகணும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சும்? ஜெயிக்கிற நேரத்துல எவளாச்சும் வேணாம்பாளா?"

"நான் ஜெயிச்சா கிளாரி தோப்பாரு. அவரு தோத்தா மேலக்கோயில் பாதி அவர் பின்னால போகும். கடை நம்ம கையில இருக்கும், வாங்க ஆளு இருக்காது. எனக்கு அந்தக் கடை வேணாம்."

"அப்ப எந்தக் கடையும் இருக்காது," என்று சொல்லிவிட்டு மெர்வின் வண்டியைக் கிளப்பினார். க்ளெனிஸ் திரும்பி வந்த பிறகு தம்பி கோபித்துக்கொண்டு போனது அதுவே முதல் தடவை. தெருவுக்கு அப்பால் கடைக் கதவில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. தான் சொல்வது சரிதானா என்று அவருக்கே உறுதியில்லை. டாரன்ட் குடாவில் காத்திருக்கக் காலம் இருந்தது. இங்கே பார்லி காத்திருக்காது. அவர் ரோடாவுக்குத் தொலைபேசினார்.

ரோடா முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தாளு வர்றானா?" என்றார்.

"வர்றாரு. மொத வரிசையிலதான் உக்கார்றாரு."

"டீ யாரு போடுறா?"

"நான்தான். ஏன்க்கா?"

"அதானே பாத்தேன். எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுற. நீ எந்திரிச்சா, பேச வந்தவன் வாய மூடிக்குவான். முட்டி வலிக்குதுன்னு எங்கிட்ட அழுவுறல்ல? அப்ப அசையாம உக்காரு. டீ வேணும்ங்கிறவன் போட்டுக் குடிக்கட்டும்."

மூன்றாம் ஞாயிறு வெயில் கடுமையாக இருந்தது. ஆண்கள் வழியில் வண்டியை நிறுத்தி, பார்லிக் கதிரை உள்ளங்கையில் கசக்கி, மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லோர் உதட்டிலும் உமி. லியோன் வலப்புறக் கோடியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை வியாபாரிக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். க்ளெனிஸ் டீக்காகப் பாய்லரில் தண்ணீர் ஊற்றிச் சூடேற வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்தார். இந்த முறை ஜாய்லீனும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பேச வேண்டியவர்கள் பேசி முடித்தார்கள். பங்கு விலை, சாலைக்கு ஒருவர், யார் கணக்குப் பார்ப்பது, எல்லாம் ஆயிற்று. பிறகு அமைதி வந்தது. மெர்வின் சுவரோரம் நின்று, அக்காவைப் பார்த்து, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கிச் சாடை காட்டினார். க்ளெனிஸ் தரையைப் பார்த்தார்.

பாய்லர் கொதிக்கத் தொடங்கியது. எவரும் எழவில்லை. மூடி தடதடத்தது, நீராவி சமையலறையிலிருந்து பரிமாறும் சாளரம் வழியாகக் கூடத்துக்குள் வந்தது. எழுந்துபோய் அணைக்க வேண்டும் என்று க்ளெனிஸின் உடம்பு முழுவதும் துடித்தது. கர்ராடினில் பிறந்த பெண் எவராலும் கொதிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஜாய்லீன் எழப்போனார், க்ளெனிஸ் அவர் பாவாடை நுனியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வத்தி வெடிச்சிரும் அண்ணி," என்று ஜாய்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வெடிக்கட்டும்."

கடைசியில் எழுந்தவர் கிளாரி. தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு, சாளரத்தடிக்குப் போய், பாய்லரை அணைத்தார். தடதடப்பு நின்றது. அவர் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, இரு கைகளையும் சாளரப் பலகையில் ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

எவருக்கும் புரியவில்லை. லியோன்தான் பதில் சொன்னார். "எப்பவும் போலத்தான். கோயில் முடிஞ்சதும்."

"எந்தக் கோயிலு?"

லியோன் மேலக்கோயில்காரர் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கோயில் பத்தரைக்கு முடியும்," என்றார் கிளாரி, சுவரிடம். "உங்களுது பதினொண்ணரைக்கு. நீ பாட்டுக்குழுவுல பாடுற ஆளு, பாடி முடிச்சு, பாஸ்டர்ட்ட கை குடுத்து, கத பேசி, மத்தியானம் வந்து தொறப்ப. நாங்க வண்டிக்குள்ள உக்காந்திருப்போம். பேப்பருக்கும் ரொட்டிக்கும். ஜனவரி மாசக் கோடை வெயிலு. எல்வாவுக்கு எட்டு மாசம். புள்ளைங்க பின்னால கத்துதுங்க. சன்னலத் தொறந்தா தூசி, மூடுனா அடுப்பு. அன்னைக்கு இவ வண்டிக்குள்ளயே மயங்கி விழுந்தா."

அவர் மனைவி எல்வா இடப்புறத்தில் தலை குனிந்திருந்தார். "விழல. சாஞ்சேன்," என்றார்.

"விழுந்த. அன்னைக்கு வண்டியத் திருப்புனேன். இன்னிக்கு வரைக்கும் திருப்பிட்டுதான் இருக்கேன்."

லியோன் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "கிளாரி... நான் குளம்னு நெனச்சேன்டா."

"குளமா? எனக்குக் குளம் எதுக்கு? எனக்கு நீச்சலே தெரியாது."

எங்கோ பின்னால் ஒருவர் குபீரென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா. கோயிலுக்கு வந்து கூப்பிட்டிருந்தா, பாட்ட பாதில விட்டுட்டு ஓடி வந்திருப்பேனே."

"கூப்பிடத்தான் வந்தேன். வாசல்ல நின்னேன். பாடிட்டிருந்த." கிளாரி முதன்முறையாகத் திரும்பினார். "நல்லாக்கூடப் பாடல."

மண்டபமே வெடித்தது. சுவரில் சாய்ந்திருந்தவர்கள் சுவரை விட்டு வந்தார்கள். லியோன் சிரித்தாரா அழுதாரா என்று அருகில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் பாதி ஊரை இழந்ததன் காரணம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மேலக்கோயில்காரர்கள் பலர் தலையசைத்ததைப் பார்த்தபோது, அந்த வண்டிகளில் காத்திருந்தவர்கள் ட்ரேகர் குடும்பத்தார் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் குறை மட்டும்தான் என்று எண்ணி, வெளியே சொல்ல வெட்கப்பட்டிருந்தார்கள். ரொட்டிக்காகப் பகை என்றால் ஊர் சிரிக்கும். குளத்துக்காக என்றால் கௌரவம்.

சிரிப்பு அடங்கிய பின், எல்வாதான் வேலையை முடித்தார். "பத்தரைக்கு எங்காளு ஒருத்தரு தொறக்கட்டும். பதினொண்ணரைக்கு உங்காளு வந்து மாத்திக்கட்டும். இதுக்குப் போயி சாமி கோவிச்சுக்கவா போறாரு?"

"சாவி?" என்றார் கிளாரி.

"ரெண்டு போட்டுக்கலாம் அண்ணே," என்றார் க்ளெனிஸ். அன்று பிற்பகல் அவர் சொன்ன மூன்றாவது வாக்கியமோ என்னவோ அது. பிறகு, வடக்கில் கேட்பதுபோலவே, மெதுவாகக் கேட்டார்: "யாருக்காச்சும் வேணாம்னு இருக்கா?"

காத்திருந்தார். வலப்புறம் பார்த்தார், இடப்புறம் பார்த்தார். எவருக்கும் இல்லை.

"அப்ப..." மெர்வினால் பொறுக்க முடியவில்லை. "முடிஞ்சுதா? யாரும் முன்மொழியலையே? வழிமொழியலையே? குறிப்புல என்னான்னு எழுதுறது?"

"கடைய வாங்கிட்டோம்னு எழுதுடா."

கூட்டம் கலைந்தும் எவரும் கிளம்பவில்லை. பிக்கப் வண்டிகளைச் சுற்றி, இடம் வலம் மறந்து, கேக் தட்டுகளோடு நின்றார்கள். பொழுது சாயும்வரை நின்றார்கள். மறுநாள் விடிந்ததும் லியோன் வியாபாரிக்குத் தொலைபேசி, கட்டடம் ஊருக்குப் போய்விட்டது என்றார். "எந்த ஊருக்கு?" என்று அவர் கேட்டாராம். "எங்க ஊருக்கு," என்று சொல்லும்போது தன் குரல் உயர்ந்ததை லியோன் பல நாள் எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். அன்று காலையே அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கின. அவற்றை ஓட்டியவர்களுக்கு மதிய ரொட்டியைக் கட்டிக் கொடுத்தது லியோன் கடை. இரு கோயிலாரின் வயலுக்கும்.

2005 பிப்ரவரியில் கடை ஊரின் பெயரில் திறந்தது. முதல் ஞாயிறு பத்தரை மணிக்குக் கதவைத் திறந்தவர் கிளாரி ட்ரேகர். பதினொன்றரைக்கு லியோன் வந்தபோது, கிளாரி போகாமல் கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றார். இருவரும் ஒரு மணி வரை ஒருவரையொருவர் வியாபாரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அவ்வாண்டு ஜூலையில் ரோடா வந்தார். அவருடன் வடக்கின் கடைக் குழுவிலிருந்து இருவர். மாலீயின் குளிருக்கு மூவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். ரோடா ஒரு அலமாரி முன் நின்று, வெள்ளரிக்காய் போத்தல் வரிசையைப் பார்த்து, "இத்தன ஊறுகாயத் திங்கிறவங்களுக்கு எப்படிடி சிரிப்பு வருது?" என்று கேட்டார். க்ளெனிஸ் அவரை எல்லோருக்கும் தம் அக்கா என்றே அறிமுகப்படுத்தினார். அது எப்படி என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஜாய்லீன் மட்டும் கணக்குப் போட்டு, "அப்ப எனக்கு இவங்களும் அண்ணிதான்," என்று சொல்லி, அடுப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வடக்கே போனதற்காக க்ளெனிஸைக் குறை சொன்ன உறவினர்கள், அதன்பின், அவர் அங்கே போனதால்தான் இது நடந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். சிலர், தாங்கள்தான் அவரைப் போகச் சொன்னதாகவும் சொன்னார்கள். அதை அவர் திருத்தவில்லை.

க்ளெனிஸ் வடக்குச் சாலையின் சார்பில் குழுவில் இருந்து, 2019இல் விலகினார். கடை இதுவரை ஒரு ஞாயிறும் மூடப்படவில்லை. குழுவில் இன்றுவரை வாக்கெடுப்பு நடந்ததில்லை.

வடக்கில் க்ளெனிஸ் ஷிர்மர் பணியாற்றிய ஆண்டுகள், பதினொன்று. ஊர் திரும்பியபின் கர்ராடின் கடைக் குழுவில் இருந்த ஆண்டுகள், பதினான்கு. 2024 வரை கடை திறந்திருக்கும் ஆண்டுகள், பத்தொன்பது.